கெம்பேரியில் ஒரு சிவப்புத் துணி

கார்மேல் மடம்
18 ஆகஸ்ட் 2024

அன்புள்ள பாக்கியராஜ் அண்ணனுக்கு,

சேசுவின் சமாதானம் உன் வீட்டில் தங்கட்டும். நான் சுகம். எஸ்லின் அண்ணியின் முழங்கால் வலி தேவலையா? ஓசூருக்குப் போகிற கம்பெனி பஸ்ஸில் உனக்கு இப்போதாவது உட்கார இடம் கிடைக்கிறதா?

செருப்பு வந்தது. காவேரிப்பட்டினத்துக்காரர் இந்த முறையும் வலது கால் சுண்டுவிரலுக்குத் தனியாக இடம் விட்டுத் தைத்திருக்கிறார். அந்த விரல் அப்படியே மடங்கித்தான் கிடக்கிறது. வருடா வருடம் ஒரு தாளில் பாதத்தை வைத்துக் கோடு இழுத்து அனுப்புகிறேன், நீயும் சலிக்காமல் தைக்கச் சொல்லி வாங்கி அனுப்புகிறாய். இங்கே மற்ற சகோதரிகள் என் செருப்பைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார்கள். துறவிகள்தான், ஆனால் பாதம் பாதம்தானே!

போன வியாழக்கிழமை மாதா திருநாள். அது எனக்கு இன்னொரு பிறந்தநாள். முப்பத்துமூன்று வருடத்துக்கு முன்னால் அன்றைக்குத்தான் கெம்பேரியில் நான் மூழ்கினேன், நீ என்னை இழுத்துக் கரையில் போட்டாய். வெளியே போகாத இந்த அடைப்பு மடத்துக்குள் வந்த இருபத்தைந்து வருடத்தில் உன் பெயரைச் சொல்லாமல் ஒரு நாள் செபத்தையும் முடித்ததில்லை. நன்றி அண்ணா. பழைய நன்றிதான், ஆனால் பழசாகவில்லை.

போன் வாங்கித் தருகிறேன் என்று மறுபடி எழுதாதே. மாதம் ஒரு கடிதம் என்பது இங்கே ஒழுங்கு. எனக்கு அதுவே போதும், நீ பதில் போட்டால்.

உன் தங்கை,
அன்னமேரி


10 செப்டம்பர் 2024

அன்புத் தங்கை மேரிக்கு,

உன் செபத்தில் நாங்கள் சௌக்கியம். எஸ்லின் தன் முழங்காலுக்குத் தைலமும் எனக்குத் திட்டும் தவறாமல் போடுகிறாள். முட்டை தொடாத மனிதனுக்கு உடம்பில் தெம்பு எங்கிருந்து வரும் என்பது இந்த வாரத் திட்டு.

ஊரில் பெரிய சமாசாரம். வரும் கோடையில் கெம்பேரியைத் தூர் வாரப் போகிறார்கள். பஞ்சாயத்தில் பாதிப் பேருக்குச் சந்தோஷம், மீதிப் பேருக்குப் பீதி. காரணம் உனக்குத் தெரிந்ததுதான், ஏரிக்குள் கிடக்கும் ரயில் இன்ஜின். யுத்த காலத்தில் இந்தப் பக்கம் ஓடிய சின்ன ரயில் பாதையைப் பிடுங்கிக்கொண்டு போனபோது ஒரு இன்ஜின் கரையிலிருந்து உருண்டு உள்ளே போய்விட்டது என்று சொல்வார்களே, அது.

விசாரித்தால் ஆளுக்கொரு இன்ஜின் வைத்திருக்கிறார்கள். கங்கப்பன், "டிரைவரு தூங்கிட்டானப்பா, அவனும் உள்ளதான் இருக்கான்" என்கிறார். மாதேஸ்வரியக்கா அமாவாசைக்கு அமாவாசை விசில் கேட்கிறாள். மேலே குமிழி வந்தால் இன்ஜின் மூச்சு விடுகிறதாம். பொக்லைன் அதன் மேல் பட்டால் கிளம்பிக் கரையை உடைத்துக்கொண்டு போய்விடும் என்று இரண்டு பேர் மனுவே கொடுத்திருக்கிறார்கள். தண்ணீருக்கு நடுவில் மூங்கில் கம்பில் ஒரு சிவப்புத் துணி பறக்கிறதல்லவா? மதகு பார்க்கிற திம்மராயன் வருடந்தோறும் முதல் மழைக்கு மாற்றிக் கட்டுகிறாரே, அது இருக்கிற வரைக்கும் இன்ஜின் நகராதாம்.

நான் தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்க்கிறவன் என்பதால், உள்ளே என்ன இருக்கிறதென்று பார்த்துச் சொல்லும் வேலையைத் தலைவர் என் தலையில் கட்டிவிட்டார். இன்ஜின் இல்லை என்று நான் சொன்னால்தான் தூர் வாருவார்களாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

பாக்கியராஜ்


கார்மேல் மடம்
29 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

வானதூதர்கள் உங்களைக் காக்கட்டும். உன் கடிதத்தை மதரிடம் அனுமதி வாங்கி ஓய்வு நேரத்தில் எல்லோருக்கும் வாசித்தேன். எண்பது வயது சகோதரி ஒருவர் டிரைவருக்காக அன்று மாலையே செபமாலை சொல்லிவிட்டார்.

ஆனால் நீ ஏன் ஊரெல்லாம் விசாரிக்கிறாய் என்று எனக்குப் புரியவில்லை. அந்த இரும்பைத் தொட்ட ஒரே ஆள் நீதானே? என் கால் இரண்டு இரும்புக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. இழுக்க இழுக்க இறுகியது. நீ உள்ளே வந்து என் பாதத்தைத் திருப்பி, விரலை மடக்கி வெளியே எடுத்தாய். அந்த நேரத்திலும் அவசரப்படாத கை உனக்கு! அதை நினைத்துத்தான் நீ மெக்கானிக் ஆனதில் நான் ஆச்சரியப்படவில்லை. எந்த இடம், எவ்வளவு ஆழம், உன் கைக்குத் தெரியுமே. போய்க் காட்டிவிட்டு வா.

அண்ணிக்கு என் அன்பு. முட்டை சாப்பிடு. அன்றைக்குப் பிறகு அம்மா ஒரு வருடம் தினம் உனக்கு மட்டும் முட்டை அவித்துக் கொடுத்தாள், எனக்கு வாசம் மட்டும். நினைவிருக்கிறதா?

அன்னமேரி


20 அக்டோபர் 2024

அன்புத் தங்கைக்கு,

இங்கு யாவரும் நலம். நல்ல மழை. ஏரி முக்கால் நிறைந்துவிட்டது.

போன ஞாயிறு பூசை முடிந்து கரியப்பனின் பரிசலில் ஏரிக்குள் போனோம். கம்பெனியில் கழித்துப் போட்ட ஒரு பெரிய காந்தத்தைக் கேட்டு வாங்கி, கயிற்றில் கட்டி இறக்கினேன். முதலில் வடக்கு மூலையில். ஒரு சைக்கிள் செயின் வந்தது. பிறகு கருவேல மரத்துக்கு நேராக. ஒரு குடத்து மூடி. கரையில் நின்றவர்கள் ஒவ்வொன்றுக்கும் கைதட்டினார்கள். கரியப்பன் துடுப்பை நிறுத்திவிட்டு, "ஏம்பா, தங்கச்சிய எடுத்த இடம் உனக்குத் தெரியாதா?" என்றான். எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, அடையாளம் மறந்துவிட்டது என்றேன்.

கடைசியில் அந்தச் சிவப்புத் துணிக் கம்புக்குப் பக்கத்தில் இறக்கியபோது காந்தம் டக்கென்று பிடித்துக்கொண்டது. நாலு பேர் இழுத்தும் வரவில்லை, கயிறுதான் அறுந்தது. இரும்பு இருக்கிறது, பெரிய இரும்பு. ஊர் இப்போது கோவிலுக்குப் பொங்கல் வைக்கப் போகிறது.

கம்பைப் பிடுங்கிப் பார்க்கலாமா என்று ஒருவன் கேட்டான். நான் விடவில்லை. எங்கள் கம்பெனியில் ஒரு விதி. மெஷினுக்குள் கையை விடும் முன் அதன் ஸ்விட்சில் என் பூட்டைப் போட்டு, என் பெயர் எழுதிய சிவப்பு அட்டையை மாட்டுவேன். பூட்டியவன்தான் திறக்க வேண்டும். மேனேஜரே வந்தாலும் தொடக் கூடாது. அந்தக் கம்பு திம்மராயனின் பூட்டு. ஏன் கட்டினாரென்று அவரைத்தான் கேட்க வேண்டும்.

மழையில் நனையாதே.

பாக்கியராஜ்


கார்மேல் மடம்
17 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லாருக்கும் ஆண்டவர் ஆரோக்கியம் தரட்டும். எனக்கு லேசான சளி, கஷாயத்தில் போய்விட்டது. டிசம்பர் முதல் தேதி திருவருகைக் காலம் தொடங்குகிறது. கிறிஸ்துமஸ் வரை எங்களுக்குக் கடிதம் கிடையாது என்பதால் இப்போதே எழுதுகிறேன்.

இடம் மறந்துவிட்டதென்று எழுதியிருந்தாய். உண்மையாகவா? எனக்கு எல்லாம் அப்படியே இருக்கிறது. கலங்கிய தண்ணீரின் மண் ருசி, உன் கை. வெளியே வந்து நான் வாந்தி எடுத்தபோது நீ என் முதுகைத் தட்டி, "எதரபேடா மகளே, எதரபேடா" என்று சொன்னாய். பயப்படாதே மகளே என்று கன்னடத்தில்! வீட்டில் தமிழ் பேசுகிற நீ அன்று ஏன் கன்னடத்தில் சொன்னாய் என்று நினைத்து நினைத்துச் சிரித்திருக்கிறேன். சினிமா பார்த்த பாதிப்பாக இருக்கும்.

திம்மராயனிடம் கேட்டாயா? என்ன சொன்னார்?

அன்னமேரி


5 ஜனவரி 2025

அன்புத் தங்கைக்கு,

புத்தாண்டு ஆசீர் உனக்கு. நாங்கள் நலம். எஸ்லின் கேக் செய்தாள், நடுவில் வேகவில்லை, வெட்டிச் சாப்பிட்டோம். கம்பெனியில் வேலை அதிகம். திம்மராயனை இன்னும் பார்க்கவில்லை.

பாக்கியராஜ்


கார்மேல் மடம்
26 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமா என்று கேட்பது இந்த முறை வெறும் சம்பிரதாயம் இல்லை. ஆறு வாரத்துக்கு மேல் காத்திருந்தவளுக்கு ஆறு வரியா? அதில் ஒன்றரை வரி கேக்குக்கு. திம்மராயன் வீடு உன் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். இருபத்தைந்து வருடம் பேசாமல் வாழ்ந்தவளுக்கு, இன்னொருவர் பேசாமல் இருப்பது நன்றாகவே கேட்கும். எது கனக்கிறதோ அதை எழுது. உனக்கு நான் பட்டிருக்கும் கடனுக்கு, நீ எதைச் சொன்னாலும் கேட்பேன்.

அன்னமேரி


27 பிப்ரவரி 2025

மேரி,

நலம் விசாரித்து ஆரம்பிக்கக் கை வரவில்லை. மன்னித்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை திம்மராயனைப் பார்த்தேன். எழுபத்தெட்டு வயது, வீட்டில் கன்னடம் பேசுகிறவர். மதகுத் திருகாணிக்குக் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார். சிவப்புத் துணியை எதற்குக் கட்டினீர்கள் என்று கேட்டேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "உனக்குத் தெரியாததா?" என்றார்.

உன்னைக் காப்பாற்றியது நான் இல்லை.

நீ முங்கி மேலே வரவில்லை. நான் பதினைந்து வயதுத் தடியன், நீச்சல் தெரிந்தவன், கரையில் நின்றேன். கால் அசையவில்லை. பிறகு அசைந்தது, ரோட்டுப் பக்கம். கத்திக்கொண்டே ஓடினேன். ரோட்டில் யாரும் இல்லை. திரும்பி வந்தபோது நீ கரையில் குப்புறக் கிடந்து இருமினாய். பக்கத்தில் ஆள் இல்லை. எப்படி வந்தாய் என்று தெரியவில்லை. மாதாவே தூக்கிப் போட்டதாக நினைத்தேன்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. நான் ஏரியில் இறங்கி, கழுத்து வரை முங்கி, சட்டையை நனைத்துக்கொண்டேன். அப்புறம்தான் உன்னைத் தூக்கினேன். வீட்டில் அம்மா, "நீயா எடுத்த சாமி?" என்று கேட்டாள். தலையாட்டினேன். சாமியார் பிரசங்கத்தில் என் பெயரைச் சொன்னார். மறுநாளிலிருந்து முட்டை.

திம்மராயன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அன்னிக்கு நான் திருட்டு மீன் புடிச்சிட்டு இருந்தேன்பா. ஏரியக் குத்தகைக்கு எடுத்தவன் பாத்தா தோல உரிச்சிருப்பான். நாணலுக்குள்ள ஒளிஞ்சு இருந்தேன். நீ கத்திட்டு ஓடுனது கேட்டுச்சு. பாப்பாவ எடுத்துப் போட்டேன். நீ திரும்பி வரத பாத்துட்டு, வலையத் தூக்கிட்டுப் போய்ட்டேன். அண்ணன்தான் எடுத்தான்னு ஊரு சொல்லிச்சு. நான் எடுத்தேன்னா, அங்க என்னடா பண்ணிட்டு இருந்தேன்னு கேப்பாங்க. சரி, பையன் பேரு எடுத்துக்கட்டும்னு விட்டுட்டேன்."

துணியை மறுநாளே கட்டினாராம். இன்னொரு பிள்ளை அங்கே குதிக்கக் கூடாதென்று. "இரும்பு இருக்குது, குதிக்காதீங்கன்னா எவன் கேப்பான்? இன்ஜின் இருக்குது, சிவப்பு காட்டுனாத்தான் நிக்கும்னேன். எல்லாரும் கேட்டாங்க." முப்பத்துமூன்று வருடம், மேரி.

என் பெயரைச் சொல்லி நீ செய்த செபமெல்லாம் அவருடையது.

புதன்கிழமை சாம்பல் புதன், தவக்காலத் தொடக்கம். அதற்குள் இது உன் கைக்கு வந்துவிடும் என்று நினைக்கிறேன்.

பாக்கியராஜ்


6 ஏப்ரல் 2025

அன்புத் தங்கைக்கு,

உன் சுகம் தெரியவில்லை. தவக்காலம் முழுக்கக் கடிதம் மதரின் மேஜையிலேயே இருக்கும் என்று எஸ்லின் நினைவுபடுத்தினாள். தபால்காரர் தாமதித்திருந்தால் போன கடிதமும் இதுவும் ஒன்றாகத்தான் உன்னிடம் வரும். அப்படியானால் பழையதை முதலில் படி. எஸ்லினிடமும் சொல்லிவிட்டேன். அவள் திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. பஞ்சாயத்திலும் எழுந்து நின்று இதையும், இன்ஜின் கதையைத் திம்மராயன் எதற்குச் சொன்னார் என்பதையும் சொன்னேன். கங்கப்பன் மட்டும், "அப்ப டிரைவரு?" என்று கேட்டார்.

ஏரி வற்றியது, தூர் வார ஆரம்பித்தாயிற்று. இன்ஜின் இல்லை. அச்சோடு சேர்ந்த இரண்டு இரும்புச் சக்கரங்கள், என் இடுப்பு உயரம் கூட இல்லை. ஏதோ ரயில் பாதைத் தள்ளுவண்டியினுடையது. ஆரக்காலில் ஒரு துண்டுத் தண்டவாளம் செருகிக்கிடந்தது. இரண்டுக்கும் நடுவில் நாலு விரற்கடை இடைவெளி. அதில் என் கையை விட்டுப் பார்த்தேன்.

கம்பு மட்டும் அப்படியே நிற்கிறது. திம்மராயன் காய்ச்சலாகி ஜவளகிரியில் மகள் வெங்கடம்மா வீட்டுக்குப் போய்விட்டார். கம்பைத் தொடப் பொக்லைன் டிரைவருக்கும் தைரியமில்லை. சுற்றிலும் வாரிவிட்டு, அந்த இடத்தை மட்டும் ஒரு மேடாக விட்டிருக்கிறான். காய்ந்த ஏரிக்கு நடுவில் சிவப்புத் துணி பறக்கிறது.

பாக்கியராஜ்


கார்மேல் மடம்
27 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உயிர்த்த ஆண்டவர் உன்னோடு. இரண்டு கடிதங்களும் உயிர்ப்பு ஞாயிறன்று மதியம் கையில் வந்தன. சாம்பல் புதனுக்கு மறுநாள்தான் உன் தபால் இங்கே வந்ததாம். எனக்கு உன்னைத் தெரியும், தாமதித்தது தபால்காரர் இல்லை. ஒரு நாள் முன்னால் போட்டிருக்கலாம்.

கோபம் வந்தது. மறைக்க மாட்டேன். நீ ஓடியதை மன்னிக்க ஒரு நிமிடம் ஆயிற்று. பதினைந்து வயதில் நானும் ஓடியிருப்பேன். சட்டையை நனைத்துக்கொண்டாயே, அதை மன்னிக்க மூன்று நாள். நாலாம் நாள் தோட்டத்தில் கத்தரிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது ஒன்று தோன்றியது. நீ கத்தாமல் ஓடியிருந்தால் நாணலுக்குள் இருந்தவருக்கு என்ன தெரிந்திருக்கும்? அவர் கேட்டது உன் குரலைத்தான். அப்புறம் ஒன்றரை மைல் என்னை முதுகில் சுமந்து நடந்தாயே, அது நீதானே? பாதி வழியில் உன் செருப்பு அறுந்தது, வெறுங்காலோடு நடந்தாய். அது எனக்குத் தெரியும், கண்ணைத் திறந்து பார்த்தேன். அது பொய்யில்லை.

ஆகவே உன் பெயரை எடுக்கப் போவதில்லை. இன்னொரு பெயரைச் சேர்த்துக்கொள்கிறேன். எதரபேடா மகளே என்று சொன்னவருக்கு எத்தனை வருட பாக்கி! உனக்கும் நன்றி அண்ணா. நீ சொல்லாமல் இருந்திருந்தால் அவர் பெயர் தெரியாமலேயே நான் செத்திருப்பேன்.

இத்துடன் ஒரு பச்சைத் துணி. குருக்களின் பூசை உடுப்பு தைத்ததில் மிஞ்சியது, விளிம்பை நான் மடித்துத் தைத்தேன். அவரிடம் கொடு. கட்ட வேண்டும் என்றில்லை. இந்த வருடச் செருப்புக்கு அளவுத் தாளும் வைத்திருக்கிறேன்.

இனிமேல் முட்டை சாப்பிடு.

உன் தங்கை,
அன்னமேரி


11 மே 2025

அன்புத் தங்கை மேரிக்கு,

நாங்கள் சுகம், நிஜமாகவே சுகம். உன் கடிதத்தை எஸ்லினிடம் கொடுத்துவிட்டுக் கொல்லைப்புறம் போய் நன்றாக அழுதேன். திரும்பி வந்தால் தட்டில் இரண்டு முட்டை. இரண்டையும் சாப்பிட்டேன்.

நேற்று ஜவளகிரி போய்த் திம்மராயனைக் கூட்டிவந்தேன். காய்ச்சல் விட்டுவிட்டது, நடைதான் தளர்ச்சி. ஏரிக்கரையில் ஊரே நின்றது. சக்கரத்தைப் பார்த்துவிட்டு, "இவ்ளோ சின்னதா?" என்றார். தண்ணீருக்குள் அவருக்கும் அது பெரிதாகத்தான் இருந்திருக்கிறது.

பச்சைத் துணியைக் கொடுத்து, நீ எழுதியதை வாசித்துக் காட்டினேன். எல்லோர் முன்னாலும், முழுவதும், சட்டை நனைத்த வரி உட்பட. அவர் துணியின் தையலைத் தடவிப் பார்த்தார். அதை மடித்துக்கொண்டே, "அந்தப் பாப்பா காலு சரியாயிடுச்சா?" என்று கேட்டார். "வெரல ரொம்ப மடக்கிட்டேன்பா. ஒடஞ்சிடுச்சோ, நடக்குமோ நடக்காதோன்னு இருந்துச்சு. யாரக் கேக்கறது? கேட்டா மாட்டிக்குவேன்."

முப்பத்துமூன்று வருடமாக அவருக்குள் கிடந்தது அதுதான், மேரி.

காவேரிப்பட்டினம் போகும்போது கொடுக்கலாம் என்று உன் செருப்பு அளவுத் தாள் என் சட்டைப் பையில் இருந்தது. பிரித்து அவர் மடியில் வைத்தேன். நீ பேனாவால் இழுத்த வலது பாதம். சுண்டுவிரல் இடத்தில் கோடு உள்ளே வளைந்திருக்கிறதே, அங்கே அவர் கட்டைவிரலை வைத்தார். பிறகு உள்ளங்கையால் முழுப் பாதத்தையும் மூடிக்கொண்டார்.

"பெரிய காலாயிடுச்சு" என்றார். "நல்லா நடக்கிற காலுதான்."

அப்புறம் என் தோளைப் பிடித்துக்கொண்டு மேட்டில் ஏறி, தானே கம்பைப் பிடுங்கினார்.

பாக்கியராஜ்